வீட்டில் இனிப்பு: விசேஷத்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் பொருந்தும் எளிய செய்முறையைத் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இனிப்பு செய்வது என்று முடிவானதும் பெரும்பாலானோர் அழகான படம் போட்ட செய்முறை ஒன்றைத்தான் முதலில் தேடுகிறார்கள். பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும்: வருபவர்களில் ஒருவர் முட்டை சாப்பிட மாட்டார், இன்னொருவருக்குச் சர்க்கரை நோய், ஃப்ரிட்ஜில் இடமில்லை. உடனே செய்முறையில் கை வைப்பார்கள். முட்டையை நீக்கி, சர்க்கரையைப் பாதியாக்கி, மைதாவுக்குப் பதில் கிடைத்த மாவைப் போட்டு, கடைசியில் செய்முறை மேல் பழி போடுவார்கள்.

வரிசையை மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி எழவே எழாது. யார் சாப்பிடப் போகிறார்கள், எப்போது, எங்கே என்பது முதலில். செய்முறை அதற்குப் பிறகு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிராம் காட்டும் சமையல் தராசு, அளவுக் கரண்டிகள், அடிகனமான பாத்திரம், கம்பி அடிப்பான், சல்லடை, ஒரு அடிக்கோல். இவற்றில் தராசுதான் முக்கியம். ‘ஒரு கப்’ என்பது சில செய்முறைகளில் 240 மில்லி, சிலவற்றில் 250 மில்லி. அதைவிடப் பெரிய வேறுபாடு நிரப்பும் விதத்தில் வருகிறது. மைதாவைக் கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் ஒரு கப் சுமார் 120 முதல் 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் அழுத்தி அள்ளினால் 150 கிராமைத் தாண்டிவிடும். கேக் வறண்டு போவதற்கு இது ஒன்றே போதும்.

1. சாப்பிடுபவர்களைப் பற்றிய குறிப்பை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பேர், அவர்களில் சிறு குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் உண்டா, யாருக்கு எது ஆகாது. தலையிலேயே வைத்துக்கொண்டால் செய்முறையின் அழகில் ஏதாவது ஒன்று கட்டாயம் மறந்துபோகும்.

வயது ஏன் முக்கியம் என்றால், சில பொருள்கள் வயதைப் பொறுத்து ஆபத்தாகின்றன. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சுப் பாதிப்பு வரலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு முந்திரி, பாதாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும், பொடித்துப் போடுங்கள். பச்சை முட்டை சேர்க்கும் மூஸ் (நுரைபோல் அடித்துக் குளிரவைக்கும் இனிப்பு) போன்றவை கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வேண்டாம். சால்மொனெல்லா கிருமி அவர்களைத்தான் அதிகம் வாட்டும். முட்டை சேர்ந்த கலவை 71 டிகிரி செல்சியஸை எட்டினால் அந்தக் கவலை இல்லை.

2. ‘ஆகாது’ என்றால் என்ன என்று கேட்டுத் தெளியுங்கள்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். ‘எனக்குப் பால் ஆகாது’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். மூன்றுக்கும் வேறு வேறு செய்முறை வேண்டும்.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காதவருக்கு லாக்டோஸ் நீக்கிய பால் போதும். பால் ஒவ்வாமை உள்ளவருக்கு அதே பால் ஆபத்து, ஏனென்றால் ஒவ்வாமை பால் புரதத்தால் வருகிறது. அந்தப் புரதம் அதில் அப்படியே இருக்கிறது. நெய்யிலும் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள். மூன்றாமவர் வீகன் உணவுக்காரராக இருக்கலாம். அவருக்குப் பாலோடு முட்டை, தேன், விலங்குகளிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் ஆகியவையும் ஆகாது.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர் விஷயத்தில் வழக்கமான தவறு ரவை. மைதாவை ஒதுக்கிவிட்டு ரவை போடுவார்கள்; இரண்டும் கோதுமைதான். பார்லியிலும் குளூட்டன் உண்டு. ஓட்ஸ் விளையும்போதும் அரைக்கும்போதும் கோதுமையோடு கலந்துவிடுவது சகஜம், அதனால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். பேக்கிங் பவுடர், கஸ்டர்ட் பவுடர், சாக்லேட் மூன்றின் பொட்டலத்தையும் திருப்பிப் பார்ப்பது அவசியம். கறுப்பு சாக்லேட்டிலும் பால் பொருள் கலந்திருக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவருக்காகச் செய்யும்போது வெல்லம், தேன், பேரீச்சம்பழம் போட்டுவிட்டு ‘சர்க்கரையே இல்லை’ என்று பரிமாறுபவர்களைப் பார்க்கிறேன். இது நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு. இவை எல்லாமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையையும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையாகவே கணக்கில் எடுக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, ஒரு கிண்ணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பது அவருக்குத் தெரியும்.

3. பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

விசேஷத்தின் பெயரை வைத்து இனிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பரிமாறும் நேரத்தில் உங்கள் கை எதில் இருக்கும், பாத்திரம் எவ்வளவு நேரம் வெளியே நிற்கும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

பலர் வந்து அவரவரே எடுத்துக்கொள்ளும் விருந்தில் இனிப்பு மணிக்கணக்கில் மேசையில் இருக்கும். அங்கே கிரீம் இல்லாத கேக், பிரௌனி, பிஸ்கட் போன்றவை நிற்கும். மூஸும் கஸ்டர்டும் நிற்காது. உட்கார்ந்து சாப்பிடும் விருந்தென்றால் முந்தைய நாளே தனித்தனிக் கிண்ணங்களில் உறைய வைத்தது சிறந்தது, ஏனென்றால் கடைசி நேர வேலை எதுவும் மிஞ்சாது. குழந்தைகள் கூடும் இடத்தில் கரண்டி தேவைப்படாத, இரண்டு வாயில் முடியும் துண்டுகள் நல்லது. வேறொருவர் வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் எந்தப் பாத்திரத்தில் உறைந்ததோ அதிலேயே கொண்டுபோகக்கூடியதாகப் பாருங்கள்.

கனமான சாப்பாட்டுக்குப் பின்னால் வெண்ணெயும் சாக்லேட்டும் நிறைந்த இனிப்பு யாருக்கும் இறங்காது. புளிப்புள்ள பழம் சேர்ந்த, குளிர்ந்த ஒன்று போதும்.

செய்முறையில் ‘தயாரிப்பு நேரம் 15 நிமிடம்’ என்று இருந்தால் நம்பிவிடாமல் கடைசி வரிவரை படியுங்கள். ‘ஆறு மணி நேரம் குளிரவிடவும்’ என்பது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

4. இயல்பிலேயே பொருந்தும் இனிப்பைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். முட்டை கேக்கில் முட்டையை நீக்குவதைவிட, முட்டையே தேவைப்படாத இனிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் எளிது. சுவையிலும் அதுவே வெல்லும். எதையோ இழந்த இனிப்பாக அது நாக்கில் படாது.

முட்டை வேண்டாமென்றால்: கார்ன்ஃப்ளோரில் கெட்டியாகும் புட்டிங், சாக்லேட்டும் கிரீமும் கலந்து உறையவைத்தது, வெண்ணெய் பிஸ்கட்.

குளூட்டன் வேண்டாமென்றால்: அரிசி புட்டிங், பாதாம் மாவு கேக், உறைந்த பழ இனிப்புகள்.

பால் வேண்டாமென்றால்: தேங்காய்ப்பால் சேர்ந்தவை, பழக்கூழை உறையவைத்த சோர்பே, அகர் அகர் (கடல்பாசி) ஜெல்லி.

சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால்: சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரும் பொடித்த கொட்டைகளும் பெர்ரிப் பழங்களும். சிறிய கிண்ணத்தில் வையுங்கள்.

தேடும்போதும் ‘ஆரோக்கியமான இனிப்பு’ போன்ற பொதுச் சொற்களால் பயனில்லை. இனிப்பின் வகை, இல்லாத பொருள், உங்கள் வசதி மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்: ‘சாக்லேட் புட்டிங், முட்டை இல்லாமல், ஓவன் இல்லாமல்’. கூடவே ‘முந்தைய நாளே செய்யக்கூடியது’ என்று போட்டுப் பாருங்கள், வடிகட்டும் வேலை பாதியாகும்.

5. மூன்று செய்முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

ஒரே இனிப்புக்கு மூன்று செய்முறைகளை எடுத்து, அளவுகளைக் கிராமுக்கு மாற்றி அருகருகே எழுதுங்கள். புட்டிங் என்றால் 500 மில்லி பாலுக்கு எவ்வளவு கார்ன்ஃப்ளோர் என்று பாருங்கள். பெரும்பாலும் 25 முதல் 35 கிராமுக்குள் இருக்கும். ஒன்று மட்டும் 60 கிராம் என்றால் அது புட்டிங் அல்ல, பசை. ருசி தெரியாமலே தவறான செய்முறையைக் கழித்துவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நம்பக்கூடிய செய்முறைக்கு வேறு சில அடையாளங்களும் உண்டு. பாத்திரத்தின் அளவைச் சொல்லும். நேரத்தோடு நின்றுவிடாமல், பார்த்து அறியும் குறியையும் சொல்லும்: ‘ஓரம் தட்டிலிருந்து விலகும்வரை’, ‘நடுவில் லேசாக ஆடும்வரை’. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் செய்முறையில் எங்கோ ஓரிடத்தில் பயன்பட்டிருக்கும். பட்டியலில் இருக்கும் வெண்ணெய் செய்முறையில் காணாமல்போனால், எழுதியவர் அதைச் செய்து பார்க்கவில்லை என்று கொள்ளலாம்.

வெப்பநிலை ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று பாருங்கள். 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது சுமார் 175 டிகிரி செல்சியஸ். விசிறி சுழலும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி செல்சியஸ் குறைத்து வையுங்கள்.

6. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால்

நீக்கப்போகும் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். வேலை தெரியாமல் ஆளை மாற்றக் கூடாது.

முட்டை: ஒன்றிரண்டு முட்டை மட்டும் சேரும் கேக்குகளில் அது மாவைப் பிணைத்து ஈரத்தைக் காக்கிறது. ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்து, கொழகொழப்பானதும் சேர்க்கலாம். கால் கப் மசித்த வாழைப்பழமும் ஆகும், ஆனால் வாழைப்பழ மணம் தூக்கலாக நிற்கும். மூன்று, நான்கு முட்டை போடும் ஸ்பாஞ்ச் கேக்கை முட்டை இல்லாமல் செய்ய முயலாதீர்கள். அங்கே கேக்கை எழுப்புவதே முட்டையில் அடைபட்ட காற்றுதான்.

சர்க்கரை: இனிப்பு அதன் ஒரு வேலை மட்டுமே. கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மேற்புறத்தைச் சிவக்க வைக்கிறது. ஐஸ்கிரீமில் உறைநிலையைக் குறைத்து, கல்லாக இறுகாமல் காக்கிறது. அதனால்தான் ஸ்டீவியா போன்ற வெறும் இனிப்பூட்டிகளை கேக்கில் போட்டால் அது சப்பென்று உட்கார்ந்துவிடுகிறது. புட்டிங், பழக்கூழ் போன்றவற்றில் சர்க்கரையைத் தாராளமாகக் குறைக்கலாம், ஏனென்றால் அவை நிற்பதற்குச் சர்க்கரை தேவையில்லை. குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால் ஐஸ்கிரீம் கலவை மட்டும் சூட்டில் சற்றுத் திகட்டும்படி இருக்க வேண்டும்.

பால்: புட்டிங்கில் பாலுக்குப் பதிலாக சோயா பாலோ தேங்காய்ப்பாலோ ஊற்றலாம். தேங்காய்ப்பாலை மட்டும் தளதளவென்று கொதிக்கவிடாதீர்கள். திரிந்து எண்ணெய் பிரியும்.

மைதா: அரிசி மாவை அதே அளவு போட்டால் கேக் உதிர்ந்துபோகும். குளூட்டன் இல்லாத கேக்குக்கு அதற்கென்றே எழுதிய செய்முறையைத் தேடுங்கள்.

ஜெலட்டின்: அதற்குப் பதிலாக அகர் அகர் எனப்படும் கடல்பாசி. கிராமுக்குக் கிராம் மாற்ற முடியாது. 500 மில்லி திரவத்துக்கு ஜெலட்டின் பொடி சுமார் 7 கிராம், அகர் பொடி சுமார் 4 கிராம். ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். அகரை நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் கரையும். அது அறை வெப்பநிலையிலேயே உறைந்துவிடும் என்பதால் வேகமாகக் கிண்ணங்களில் ஊற்றிவிடுங்கள். வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால் அவற்றைச் சேர்த்த ஜெலட்டின் ஜெல்லி உறையவே உறையாது. பழத்தை வேகவைத்துச் சேர்த்தால் உறையும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒரே நாளில் மாற்றினால், கெட்டுப்போனது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

7. அளவைப் பெருக்கும்போது பரப்பைக் கணக்கிடுங்கள்

20 சென்டிமீட்டர் வட்டத் தட்டின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். 25 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு 491. பார்க்கக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும். மாவு ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். அடிக்கோலால் அளந்து, பரப்பின் விகிதத்தில் எல்லாவற்றையும் பெருக்குங்கள். மாவின் உயரம் கூடினால் வேகும் நேரமும் கூடும்.

8. விசேஷத்துக்கு முன் பாதி அளவில் ஒத்திகை பாருங்கள்

எதில் ஒத்திகை பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு கார்ன்ஃப்ளோர் புட்டிங்கைச் சொல்வேன். முட்டை இல்லை, குளூட்டன் இல்லை, பாலை மாற்றினால் வீகனும் ஆகிவிடும். முழு அளவு: பால் 500 மில்லி, கார்ன்ஃப்ளோர் 30 கிராம், சர்க்கரை 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு.

கார்ன்ஃப்ளோரைக் கொஞ்சம் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்து வையுங்கள். சூடான பாலில் நேரே கொட்டினால் ஒவ்வொரு துகளின் வெளிப்புறமும் வெந்து, உள்ளே பச்சை மாவோடு உருண்டைகளாகிவிடும். மீதிப் பாலைச் சர்க்கரையோடும் உப்போடும் சூடாக்கி, ஆவி எழும்போது கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அடியில் கரண்டி லேசாக இழுபடும், ஓரங்களில் மடிப்புகள் தெரியும், நடுவில் ஒரு கனமான குமிழி ‘பொளக்’ என்று வெடிக்கும். புதியவர்கள் பயந்து அடுப்பை அணைப்பது இந்த நொடியில்தான். அணைக்காதீர்கள். தீயைக் குறைத்து மேலும் ஒரு நிமிடம் கிளறினால்தான் மாவு வாடை போகும், ஆறியபின் தண்ணீர் விடாது.

முட்டையால் கெட்டியாகும் கஸ்டர்டுக்கு விதி இதற்கு நேர்எதிர். அது 80 டிகிரியை ஒட்டியே கெட்டியாகிவிடும், கொதித்தால் திரிந்துபோகும். ஒன்றின் விதியை மற்றதற்குப் பயன்படுத்துவதால்தான் இரண்டுமே பலருக்குக் கெட்டுப்போகின்றன. கரண்டியின் முதுகைக் கஸ்டர்ட் மூடி, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கிறதா? இறக்கிவிடுங்கள்.

ருசி பார்த்த கரண்டியை மறுபடி புட்டிங்கில் விடாதீர்கள். எச்சிலிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சிதைத்து, உறைந்ததையும் நீர்க்கச் செய்துவிடும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதென்றால் இறக்கிய பிறகுதான். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கெட்டித்தன்மை குறையும்.

சாக்லேட் உருக்கும் இனிப்பை ஒத்திகை பார்ப்பவர்கள் பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் துடைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் மணல்போல் இறுகிவிடும். அப்படி ஆனால் தூக்கிப் போட வேண்டாம். சூடான பாலைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கிளறினால் மறுபடி வழுவழுப்பாகும். கேக்குக்கு மேலே ஊற்றும் சாஸாகப் பயன்படுத்தலாம்.

9. ஆறவைப்பதும் பரிமாறுவதும்

புட்டிங் மேல் ஏடு படியாதிருக்க, பிளாஸ்டிக் உறையையோ எண்ணெய்த் தாளையோ மேற்பரப்பில் ஒட்டும்படி விரித்து ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கும் கீழே இருக்கட்டும். பாலோ முட்டையோ சேர்ந்த புட்டிங், கஸ்டர்ட், மூஸ் போன்ற இனிப்பு அறை வெப்பநிலையில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரம்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மேசைக்குக் கொண்டுவராமல் பாதியை உள்ளேயே வைத்திருங்கள்.

ஒவ்வாமை உள்ளவருக்கான இனிப்பை முதலில் செய்து, மூடி, பெயர் எழுதி ஒதுக்கிவிட்டுப் பிறகு மற்றதைத் தொடங்குங்கள். அதற்கென்று தனிக் கரண்டி வையுங்கள். பக்கத்துப் பாத்திரத்துக் கரண்டி உள்ளே வந்தால் இதுவரை எடுத்த கவனம் எல்லாம் வீண். மேசையில் ஒரு சிறு அட்டையில் உள்ளே இருக்கும் பொருள்களை எழுதி வைத்துவிட்டால், சாப்பிடலாமா வேண்டாமா என்று யாரும் உங்களைத் தேடி அடுக்களைக்கு வர வேண்டியதில்லை.